வேறு கேள்விக்குச் சரியான பதில்

போன பெருநாள் அன்று எங்கள் வீட்டில் பிள்ளைகள் கூடி, தொலைக்காட்சியில் ஒரு வினாடி வினா விளையாட்டைப் போட்டார்கள். கேள்வி திரையில் எழுத்தாக வந்தது. கீழே நான்கு பதில்கள். ஆளுக்கொரு செல்போனை வைத்துக்கொண்டு சரியானதை விரலால் தொட வேண்டும். என் கையிலும் ஒன்றைக் கொடுத்து, "பெரியம்மா, சும்மா ஒண்ணத் தொடுங்க" என்றார்கள். தொட்டேன். தப்பு என்று சிவப்பாக எரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. யாரும் என்னைப் பார்க்கவே இல்லை; அவரவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நல்ல ஏற்பாடுதான் என்று எனக்குப் பட்டது. இந்தக் காலத்தைக் குறை சொல்ல நான் உட்காரவில்லை. நம் வயதுக்காரர்கள் விளையாடிய வினாடி வினாவில் ஒருவர் வாயால் கேட்பார். நாம் காதால் கேட்டு, எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் வகுப்பே சிரிக்கும். சிரிப்பு அடங்கும்வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். உங்களில் பலர் நின்றிருப்பீர்கள். எங்கள் வகுப்பில் அதிகம் நின்றவன் என் அண்ணன்.

அண்ணன் என்னைவிட ஒரு வயது மூத்தவன். ஐந்தாம் வகுப்பில் ஒருமுறை தேறாமல் போனதால் நான் ஐந்தாவதுக்கு வந்தபோது அவனும் அதே வகுப்பில் இருந்தான். எங்கள் வகுப்பு வாத்தியார் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் போட்டி வைப்பார். பையன்கள் ஒரு பக்கம், பெண் பிள்ளைகள் ஒரு பக்கம். வரிசைப்படி ஒவ்வொருவரும் எழுந்து பதில் சொல்ல வேண்டும். ஜெயித்த பக்கம் மணி அடிப்பதற்கு முன்பே வீட்டுக்குப் போகலாம். தோற்ற பக்கம் பெஞ்சுகளைத் தூக்கிப்போட்டு வகுப்பைக் கூட்ட வேண்டும். பையன்கள் பக்கம் பெரும்பாலும் கூட்டியது அண்ணனால்தான்.

வாத்தியார் நல்ல மனிதர். கோபம் வராது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே மெதுவாக நடந்தபடி கேள்வி கேட்பது அவர் வழக்கம். ஒருநாள் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "தமிழ்நாட்டின் மாநில மரம் எது?" என்று கேட்டார். அண்ணனின் முறை. பக்கத்தில் இருந்தவன் இடித்ததும் எழுந்து, தெளிவாக, சந்தேகமே இல்லாமல் சொன்னான்: "மெட்ராஸ்."

"மெட்ராஸ் மரமா? அதுல என்னலே காய்க்கும்?" என்றார் வாத்தியார்.

வகுப்பு உருண்டு சிரித்தது. அண்ணனும் சிரித்தான். எல்லோரும் சிரிப்பதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தாமதமாக, கடைசி ஆளாகச் சிரித்தான். அன்றைக்கு முதல் அவன் பெயர் "மெட்ராஸ் மரம்" என்று ஆகிவிட்டது.

திண்டுக்கல் பேகம்பூரில் எங்கள் வீடும் பெரியத்தா வீடும் ஒட்டுச் சுவர் வீடுகள். கொல்லைப் பக்கம் நடுவில் ஒரு கதவு உண்டு. அது சாத்தி நான் பார்த்ததில்லை. அத்தா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவும் அவர் அண்ணன் பெரியத்தாவும் சேர்ந்து தோல் மண்டி நடத்தினார்கள். சுற்றுப்பக்கத்து ஊர்களிலிருந்து வரும் ஆட்டுத்தோலை உப்புத் தடவி அடுக்கி, பதனிடும் ஷாப்புகளுக்கு அனுப்பும் வியாபாரம். அத்தாவின் சட்டையை எத்தனை சோப்புப் போட்டுத் துவைத்தாலும் அந்த வாடை போகாது. மண்டியில் லோடுமேன்களோடும் தரகர்களோடும் பேசிப் பேசி அத்தாவுக்குக் குரல் பெரிது. வீட்டுக்கு வந்தாலும் அதே குரல்தான். உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லோரையும் கூப்பிடுவார். முதல் கூப்பாட்டுக்கு நான் போய்விடுவேன். அண்ணன் மூன்றாவது கூப்பாட்டுக்கும் வரமாட்டான். அத்தா எழுந்து போய் முதுகில் ஒன்று வைத்த பிறகுதான் திரும்புவான்.

"கேட்டும் கேக்காத மாதிரி இருக்கான் பாரு. திமிரு" என்பார் அத்தா.

"திமிரெல்லாம் இல்லங்க. அவனுக்கு எப்பவும் நெனப்பு எங்கயாச்சும் இருக்கும்" என்பாள் அம்மா.

நோன்பு நடுக்கோடையில் வந்த வருடம் அது. பள்ளிக்கூடம் லீவு. அந்த வருடம்தான் பெரியத்தாவின் மூத்த மகனுக்குக் கல்யாணமாகி, புது அண்ணியாக மச்சி எங்கள் தெருவுக்கு வந்திருந்தார். பழனிப் பக்கம் கீரனூர்ப் பெண். எதற்கும் "ஏனுங்க", "சரிங்க" என்பார். பால் வாங்கப் போன என்னைக்கூட "எங்கீங்க போறீங்க?" என்று ஒருமுறை கேட்டுவிட, நாங்கள் அதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். மச்சியும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

கோடை நோன்பில் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு வரும் நேரம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கஞ்சிக்கு வெங்காயம் வதங்கும் வாசம் வேறு. பிள்ளைகள் தண்ணீர்ப் பானையையே சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துவிட்டுத்தான் மச்சி அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தார்.

தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களைப் பெரியத்தா வீட்டுப் பெரியம்மா கம்பியில் குத்தி வைத்திருப்பார். மச்சி அவற்றை எடுத்து, பின்பக்க வெள்ளையில் பேனாவால் கேள்வி எழுதினார். பொது அறிவு, கணக்கு, நபிமார் வரலாறு, விடுகதை என்று எல்லாம் கலந்து. பழைய சைக்கிள் பெல் ஒன்றைப் பலகையில் பொருத்தி நடுவில் வைத்தார். கேள்வி முடிந்ததும் யார் முதலில் பெல்லைத் தட்டுகிறார்களோ அவர்கள் பதில் சொல்ல வேண்டும். சரியென்றால் அந்தத் தாளை நீங்களே வைத்துக்கொள்ளலாம். நோன்பு திறக்கும் நேரத்தில் யாரிடம் தாள் அதிகமோ அவர்களுக்கு முதல் பேரீச்சம்பழம். பரிசு அவ்வளவுதான். அதற்கு நாங்கள் அடித்துக்கொண்ட அடி கொஞ்சமல்ல.

விளையாட்டு பெரியத்தா வீட்டு ஹாலில் நடக்கும். ஜன்னலில் நனைத்த சாக்கைக் கட்டி, ஒரு பக்கம் மட்டும் வெளிச்சத்துக்குத் திறந்து வைத்திருப்பார்கள். தலைக்கு மேல் ஃபேன் கடகடவென்று ஓடும். மச்சி ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாளை மடிக்கு மேலே பிடித்துக்கொண்டு நிதானமாகப் படிப்பார். அவருடைய ஊர்ப் பேச்சே நிதானம்தான். ஒவ்வொரு வார்த்தையையும் முழுதாக விட்டுத்தான் அடுத்ததை எடுப்பார்.

முதல் சில நாட்கள் எப்போதும்போல பெரியத்தாவின் கடைக்குட்டி மகன்தான் ஜெயித்தான். அவனைக் கடைக்குட்டி என்றே கூப்பிடுவோம். பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தான். பேச்சுப் போட்டியில் கோப்பை எல்லாம் வாங்கியவன். அண்ணன் ஓர் ஓரத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பான். தெரியாது என்று நாங்களும் விட்டுவிடுவோம். பிறகு ஒருநாள் ஓரத்தில் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியதால் மச்சிக்கு நேர் எதிரே, நெருக்கமாக வந்து உட்கார்ந்தான்.

அன்றைக்குப் பெல்லை அவன்தான் அதிகம் தட்டினான். பதில்களும் சரி. "பாலைவனக் கப்பல் எது?" ஒட்டகம். "நூஹ் நபி கட்டினது என்ன?" கப்பல். மறுநாளும் அதே இடத்தில் உட்கார்ந்தான். மறுநாளும் அவனிடம்தான் தாள் அதிகம். பேரீச்சம்பழத்தை வாங்கி, பாதியைக் கடித்து எனக்குக் கொடுத்தான். அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

கடைக்குட்டியால் பொறுக்க முடியவில்லை.

"மச்சி, அவன் கள்ளத்தனம் பண்றான்" என்றான் ஒருநாள். "நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். உங்களையே உத்துப் பாத்துக்கிட்டு இருக்கான். தாளு மெலிசு. ஜன்னல் வெளிச்சத்துல எழுத்து இந்தப் பக்கம் தெரியுது. படிச்சிட்டு, நீங்க சொல்லி முடிக்கையில டக்குனு அடிக்கிறான்."

ஒரு தாளை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினான். உண்மைதான். பேனா எழுத்து திருப்பிப் போட்டது போல மங்கலாகத் தெரிந்தது. நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

மச்சி, "அப்படியெல்லாம் பண்ற பிள்ளை இல்லைங்க" என்றார். கடைக்குட்டி விடவில்லை. ஓடிப்போய்த் தன் பரீட்சை அட்டையைக் கொண்டுவந்தான். தாளுக்குப் பின்னால் அட்டையை வைத்து, முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்கச் சொன்னான். மச்சிக்கு வேறு வழியில்லை. அட்டைக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"மயில் எந்த நாட்டுத் தேசியப் பறவை?"

அண்ணன் பழக்கத்தில் பெல்லைத் தட்டிவிட்டான். பிறகு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். "மதுரை" என்றான்.

"எட்டுக் கால் உள்ள பூச்சி எது?"

"பட்டுப்பூச்சி."

அடுத்ததும் தப்பு. அதற்கடுத்ததற்கு அவன் பெல்லைத் தொடவே இல்லை. கடைக்குட்டி குதித்தான். அட்டை இல்லாமல் எல்லாம் தெரிகிறது, அட்டை வைத்தால் ஒன்றும் தெரியவில்லை என்றால் வேறென்ன? எனக்கும் வேறொன்றும் தோன்றவில்லை. அண்ணன் தன்னிடம் இருந்த தாள்களை எடுத்துப் பெல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

நோன்பு திறக்கிற நேரத்துக்குள் விஷயம் அத்தாவின் காதுக்குப் போய்விட்டது. கஞ்சியைக் குடித்து, மஃரிப் தொழுதுவிட்டு வந்தவர் கொல்லையில் நின்ற அண்ணனைக் கூப்பிட்டார். வழக்கம்போல அவன் திரும்பவில்லை. இடுப்பு பெல்ட்டைக் கழற்றினார்.

"நோன்பு வச்சுக்கிட்டுக் களவாணித்தனமா? அதுவும் பிள்ளைக வெளையாட்டுல? இவன இதுக்கு மேல படிக்க வச்சு என்னத்தக் கிழிக்கப் போறான்? பெருநாளு முடிஞ்சதும் மெட்ராஸுக்கு அனுப்புறேன். மாமன் கடையில மூட்டை தூக்கட்டும்."

அம்மாவின் தம்பி மெட்ராஸில் கடை வைத்திருந்தார். கூடமாட வேலைக்கு ஆள் வேண்டும் என்று அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பெருநாளைக்கு வரும்போது அழைத்துப் போகட்டும் என்று முடிவாகிவிட்டது. அண்ணனிடம் யாரும் அதைத் தனியாகச் சொல்லவில்லை. அவன் அது தெரிந்த மாதிரியும் நடந்துகொள்ளவில்லை. மறுநாளிலிருந்து விளையாட வருவதை மட்டும் விட்டுவிட்டான்.

மச்சி அட்டையையும் தாள்களையும் எடுத்து வைத்துவிட்டார். ஆனால் அந்த விஷயத்தை அவர் விடவில்லை. இரண்டு வீட்டுக்கும் இடையில் மாவாட்டும்போதும் பாத்திரம் கழுவும்போதும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். பள்ளிக்கூடத்தில் எந்தப் பெஞ்சில் உட்காருவான்? வாத்தியார் எங்கே நின்று கேள்வி கேட்பார்? என்னவெல்லாம் தப்பாகச் சொல்லியிருக்கிறான்? நான் மெட்ராஸ் மரத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "மரம்… மரம்…" என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு, "தலைநகரம்" என்றார்.

"என்ன மச்சி?"

"தமிழ்நாட்டுத் தலைநகரம் எதுன்னு கேட்டா என்னங்க சொல்லுவீங்க? மெட்ராஸுன்னுதான? எட்டுக் கால் பூச்சிய நான் கேட்டது அவனுக்குப் பட்டுன்னு விழுந்திருக்கு. மயிலு ரயிலு ஆயிருச்சு, அதான் மதுரைன்னான். அவன் தப்பாச் சொல்றதில்லைங்க. வேற கேள்விக்குச் சரியாச் சொல்றானுங்க."

அவருடைய அத்தா நெல் மில்லில் வேலை பார்த்துக் காது மந்தமானவராம். "எங்க அத்தா யாரு பேசினாலும் கண்ணப் பாக்க மாட்டாருங்க. வாயத்தான் பாப்பாரு. உங்க அண்ணனும் என்ற வாயத்தான் பாத்திருக்கான். தாள இல்ல" என்றார் மச்சி. அன்று மாலையே, கொல்லையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து பம்பரத்துக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்த அண்ணனை நான்கைந்து அடி தள்ளி நின்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தார். அவன் கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தான். கையிலிருந்த சட்டி மூடியைக் கல்லில் போட்டார். அதற்குத் திரும்பினான். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வராமல் இருந்திருக்கிறது. பெரிய சத்தங்கள் கேட்கும். கிட்டே நின்று அடித் தொண்டையில் போடும் கூப்பாடு கேட்கும். தள்ளியிருந்து கூப்பிடுவதும் சாதாரணப் பேச்சும் கேட்காது.

மச்சி முதலில் தன் மாமியாரிடம், அதாவது என் பெரியம்மாவிடம் சொன்னார். "நீ வந்து எத்தன நாளாச்சு? கொழுந்தன் வீட்டு வெவகாரத்துல நாம தலையிட்டா வெட்டுக்குத்தாயிரும். பேசாம வேலையப் பாரும்மா" என்று பெரியம்மா முடித்துவிட்டார். பிறகு என் அம்மாவிடம் வந்தார். அம்மா முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"சின்ன மாமி, அவனுக்குச் சின்னதுல காய்ச்சல் கீய்ச்சல் பெருசா வந்துச்சுங்களா?"

"தட்டம்மை போட்டுச்சு. காதுல சீழ் வந்துச்சு. எண்ணெ காச்சி ஊத்துனேன், நின்னுருச்சு. ஏன் கேக்குற?"

மச்சி சொன்னார். அம்மாவின் கை முறுக்கு உழக்கிலேயே நின்றது.

"எம்பிள்ளையச் செவிடுங்கிறியா?" என்றாள். "அவன் களவாணின்னு அடி வாங்குனப்பகூட எனக்கு இப்படி வலிக்கல. நாளைக்கு இந்தப் பேச்சு தெருவுல போனா அவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா? கூடப் பொறந்தவளுக்கு எவன் வருவான்? இனிமே இதப் பேசாத தாயி."

இப்போது நினைத்தால் அம்மா மேல் கோபம் வரவில்லை. களவாணி என்றால் அடித்துத் திருத்திவிடலாம், பெரியவனானால் சரியாகிவிடும் என்று அவள் நம்பியிருக்கிறாள். மற்றதற்கு அவளிடம் மருந்து இல்லை. ஒரு தாய் தன் பிள்ளை திருடனாக இருந்தாலும் பரவாயில்லை என்று ஆசைப்பட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

பெருநாள் வந்தது. மெட்ராஸ் மாமாவும் வந்தார். மதியம் பிரியாணி சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு இரண்டு குடும்பமும் பெரியத்தா வீட்டு ஹாலில் கூடுவது வழக்கம். பிள்ளைகள் குர்ஆன் சூரா ஓதிக் காட்டுவார்கள், பாட்டுப் பாடுவார்கள். பெரியத்தா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டுவார். அண்ணன் புதுச் சட்டையோடு வாசற்படிக்குப் பக்கத்தில் இருந்தான். அவனுடைய டிரங்குப் பெட்டி எங்கள் வீட்டில் கட்டி வைத்தாகிவிட்டது.

மச்சி முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"மாமா, பிள்ளைங்களுக்கு ஒரு சின்னப் போட்டி வச்சுக்கலாமுங்களா?"

பெரியத்தாவுக்கு மருமகள் பேசுவதே சந்தோஷம். "வைம்மா, வைம்மா. நாங்களும் பாக்குறோம்" என்றார்.

மச்சி எங்களை வரிசையாக உட்கார வைத்தார். அண்ணனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து தனக்கு நேரே உட்கார வைத்தார். கடைக்குட்டி, "மச்சி, தாளு?" என்றான். மச்சி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். தாள் இல்லை, அட்டை இல்லை, ஒன்றும் இல்லை. ஃபேனை நிறுத்தச் சொன்னார். பிறகு வாயைத் திறந்தார்.

அவர் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "என்னம்மா, தொண்டை கட்டிருச்சா? ஒண்ணும் கேக்கல" என்றார் மெட்ராஸ் மாமா. கடைக்குட்டி, "சத்தமாக் கேளுங்க மச்சி" என்றான். மச்சி மறுபடியும் அதே போல, சத்தமில்லாமல், நிதானமாக உதடுகளை அசைத்தார்.

"பனை மரம்" என்றான் அண்ணன்.

மச்சி இன்னொன்று கேட்டார். மூச்சுக் காற்றுக்கூட வரவில்லை.

"எட்டுக்கால் பூச்சின்னா சிலந்தி" என்றான்.

மச்சி எழுந்து நடந்து அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். இந்த முறை எல்லோருக்கும் கேட்கும்படி, சாதாரணமாகப் பேசுகிற குரலில் கேட்டார்: "மயில் எந்த நாட்டுத் தேசியப் பறவை?"

அண்ணன் மச்சி முன்பு உட்கார்ந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தான்.

அத்தா எழுந்து வந்தார். மச்சி விலகி வழிவிட்டார். அண்ணனுக்குப் பின்னால் நின்று, "அப்பு" என்றார். அத்தா அவனை அப்படிச் செல்லமாகக் கூப்பிட்டு நான் கேட்டு வெகு நாளாகியிருந்தது. அவன் திரும்பவில்லை. "அப்பு, இங்க பாரு" என்றார், கொஞ்சம் உரக்க. அதற்கும் இல்லை. பிறகு மண்டிக் குரலில், "ஏலே!" என்றார்.

அண்ணன் சட்டென்று குனிந்து, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டான்.

அத்தாவின் குரலில் அவன் காதுக்கு எட்டியது அந்த ஒன்றுதான். அதோடு எப்போதும் அடியும் சேர்ந்து வந்திருக்கிறது. பெரியத்தாதான், "தம்பி, உக்காரு" என்று அத்தாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அம்மா மச்சியைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். மாமா மறுநாள் காலை தனியாக மெட்ராஸுக்கு ரயில் ஏறினார்.

அந்த வாரமே அத்தா அவனைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனார். நானும் அம்மாவும் கூடப் போனோம். டாக்டர் ஓர் இரும்புக் கவையைத் தட்டி அவன் காதருகில் வைத்துப் பார்த்தார். விளக்கு அடித்துப் பார்த்தார். தட்டம்மைக்குப் பிறகு வந்த சீழில் இரண்டு காதுச் சவ்விலும் ஓட்டை விழுந்திருக்கிறது, உள்ளேயும் கெட்டிருக்கிறது என்றார். "மிச்சம் இருக்குற கொஞ்சத்த வச்சுக்கிட்டு இத்தன வருசம் எப்படித்தான் படிச்சானோ" என்று அவருக்கே ஆச்சரியம்.

திரும்பி வரும்போது வெயில். வழியில் ஒரு சர்பத் கடையில் நின்றோம். அத்தா டம்ளரை வாங்கி அவன் கையில் கொடுத்தார். பிறகு கடைக்கு முன்னால், நடுத்தெருவில், வேட்டியை மடித்துக்கொண்டு அவனுக்கு எதிரே குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"இம்புட்டு நாளா நான் கூப்பிட்டது ஒனக்குக் கேக்கவே இல்லையா?"

அண்ணன் அவர் வாயைப் பார்த்தான். சர்பத்தை விழுங்கிவிட்டு, வருத்தமே இல்லாமல், தெரிந்துகொள்கிற ஆசையோடு கேட்டான்: "நீங்க கூப்பிட்டீங்களாத்தா?"

அத்தா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகு எல்லாம் நேராகிவிட்டது என்று சொன்னால் பொய். சட்டைப் பையில் வைக்கும் பெட்டி மாதிரி ஒரு காது மெஷின் மதுரையிலிருந்து வந்தது. வயர் ஒன்று காதுக்குப் போகும். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. முறுக்கைக் கடித்தால் தலைக்குள் மரம் முறிகிற மாதிரி இருக்கிறது என்று கழற்றிவிடுவான். தெருவில் பையன்கள் அந்த வயரைப் பிடித்து இழுத்தார்கள். அம்மா பயந்த பேச்சும் தெருவில் வரத்தான் செய்தது. அவள் மச்சியோடு ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மச்சிக்கு முதல் பிள்ளை பிறந்தபோது போய்ப் பார்த்துவிட்டு வந்தவள், அன்றிலிருந்து ஒரு வார்த்தையும் விளக்காமல் பழையபடி பேச ஆரம்பித்தாள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று அத்தா மண்டிக்குப் போகாமல் எங்களோடு வந்தார். நாங்கள் ஆறாவதுக்கு வந்திருந்தோம். அதே வாத்தியார்தான் அந்த வகுப்புக்கும். "சார், இவன் முன்னால நின்னு கேளுங்க. அது போதும்" என்று மட்டும் அத்தா அவரிடம் சொன்னார். வாத்தியார் அவனை முதல் பெஞ்சில் உட்கார வைத்தார். ஆனால் நடந்துகொண்டே கேட்கிற பழக்கம் அவரை விடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவர் பின்பக்கம் போனதும் பையன்கள் எல்லோரும் சேர்ந்து, "சார், முன்னால! முன்னால!" என்று கத்துவார்கள். அவர்களுக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும். வாத்தியார் தலையில் தட்டிக்கொண்டு திரும்பி வருவார். அண்ணன் பெரிய கெட்டிக்காரனாக மாறிவிடவில்லை. அதற்குப் பிறகும் தப்பாகச் சொன்னான். ஆனால் கேட்ட கேள்விக்குத் தப்பாகச் சொன்னான். அதற்கும் வகுப்பு சிரிக்கும். அவன் மற்றவர்களோடு சேர்ந்தே சிரிப்பான்.

அத்தா உட்கார்ந்த இடத்திலிருந்து கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். அவனை மட்டுமல்ல, எங்கள் யாரையுமே. எழுந்து, நடந்து, எதிரே வந்து நின்று, "சாப்புட வா" என்பார். வீட்டில் குரல்கள் குறைந்துபோயின.

அண்ணன் பாலிடெக்னிக் படித்தான். திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீஷியன் வேலை கிடைத்தது. ஸ்பிண்டில்கள் ஓடும் அந்த ஷெட்டுக்குள் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. கையை ஆட்டுவார்கள், தோளைத் தட்டுவார்கள். அந்தச் சத்தம் இருக்கிற காதையும் கெடுத்துவிடுமே என்று நான் கேட்டதற்கு, "கெடுறதுக்கு என்ன இருக்கு?" என்று சிரித்தான். அங்கே யார் எந்த மூலையிலிருந்து என்ன சொன்னாலும் அவனுக்குப் புரியும். மேஸ்திரிகள் அவனைக் கூடவே கூட்டிக்கொண்டு நடந்தார்கள்.

ஒருமுறை அம்மாவுக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அத்தாவும் நானும் அண்ணனை அழைத்துவர மில்லுக்குப் போனோம். வாட்ச்மேன் எங்களை ஷெட் வாசல்வரை கூட்டிப்போனார். உள்ளே பஞ்சு பறந்துகொண்டிருந்தது. நெஞ்சே அதிர்கிற சத்தம். அண்ணன் ஷெட்டின் மறுகோடியில் ஏணி மேல் நின்று வயர் மாட்டிக்கொண்டிருந்தான். அத்தாவுக்கு அப்போது குரல் தளர்ந்துபோயிருந்தது. பக்கத்தில் நின்ற வாட்ச்மேனிடம் ஏதோ சொன்னார். வாட்ச்மேன் குனிந்து காதைக் கொடுத்து, கையை விரித்தார். ஒட்டி நின்ற எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

ஏணி மேல் இருந்தவன் தற்செயலாக இந்தப் பக்கம் பார்த்தான். அவசரமாக இறங்கி, மெஷின்களுக்கு நடுவே ஓடி வந்தான். வந்து நின்று, மூச்சு வாங்க, "அம்மாவுக்கு எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டான்.